கட்டிலுக்கடியில் பூனை: இடிக்கும் பிற அச்சங்களுக்கும் அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

இடி இடித்தால் பல நாய்கள் ஓடிவந்து மடியில் ஏறப் பார்க்கும். பூனை பெரும்பாலும் நம்மிடமிருந்தும் சேர்த்தே ஓடி ஒளியும். இது புரியாததால், நல்ல மனதோடு நாம் செய்கிற பல காரியங்கள் அதன் பயத்தைக் கூட்டிவிடுகின்றன: இழுத்து அணைப்பது, டார்ச் அடித்துத் தேடுவது, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கட்டிலைச் சுற்றி வருவது.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் பூனை இப்போது என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

முதலில்: பயமா, நோயா?

பயந்த பூனையும் உடம்பு சரியில்லாத பூனையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் ஒளியும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகும், தொட்டால் சீறும். வெளியே வானம் முழங்கிக்கொண்டிருந்தால் எல்லாப் பழியையும் அதன் மேல் போட்டுவிடத் தோன்றும். அதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி உடம்பைப் பாருங்கள்.

ஓய்வாகப் படுத்திருக்கும் பூனை நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சு விடாது. விலா ஏறி இறங்குவதை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு கிடைத்துவிடும். தொட வேண்டியதில்லை, தள்ளி நின்றே எண்ணலாம். பயத்தில் இந்த எண் ஏறுவது இயல்பு. சத்தம் ஓய்ந்து பூனை அடங்கிய பிறகும் 40-க்கு மேலேயே நின்றால் இடியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாயைப் போல வாயைத் திறந்து இரைப்பது பூனைக்கு வழக்கமே கிடையாது. வெறி பிடித்ததுபோல் ஓடிய பிறகு ஓரிரு நிமிடம் அப்படி இரைக்கலாம். அதற்கு மேல் நீடித்தாலோ, ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ தெரிந்தாலோ, மழை விடட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து, முக்கியும் ஒரு சொட்டுச் சிறுநீர் வராத ஆண் பூனையும் அவசர நோயாளிதான். சிறுநீர்க்குழாய் அடைபட்டால் ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடலாம். பின்னங்கால்கள் திடீரெனத் துவண்டு வலியில் அலறினால், இதயத்திலிருந்து கிளம்பிய ரத்தக்கட்டி காலுக்குப் போகும் தமனியை அடைத்திருக்கக்கூடும். இந்த மூன்றும் இல்லையென்று உறுதியானால் கீழே வாருங்கள்.

அறிகுறி: இடி தொடங்கியதும் ஒளிந்துகொள்கிறது, வெளியே வர மறுக்கிறது

புலி பதுங்குவது பாய்வதற்கு என்பார்கள். பூனை பதுங்குவது பதுங்குவதற்குத்தான். அது தனக்குத் தானே செய்துகொள்ளும் வைத்தியம் அது. அதைத் தடுக்காமல், இன்னும் நன்றாக நடக்க விடுவதே நம் வேலை. நெதர்லாந்தில் ஒரு விலங்குக் காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2014-இல் வெளியான அந்த ஆய்வில், பெட்டி கிடைத்த பூனைகள் முதல் சில நாள்களுக்குள்ளேயே அடங்கிவிட்டன. பெட்டி இல்லாதவை அந்த நிலைக்கு வர இன்னும் பல நாள் பிடித்தது. அட்டைப்பெட்டிக்கு இவ்வளவு மதிப்பு உண்டு.

எனவே பார்க்க வேண்டியது, ஒளியும் இடம் சரியானதுதானா என்பதை. கட்டிலுக்கடி பெரும்பாலும் அரைகுறையான இடம். நான்கு பக்கமும் திறந்திருக்கும், மின்னல் வெளிச்சம் தரையோடு உள்ளே வரும், யாராவது நடந்தால் கால் தெரியும். நல்ல பதுங்குமிடத்தில் பூனையின் விலாப் பக்கம் சுவரில் உரசும். கூரை தாழ்ந்திருக்கும். ஜன்னலும் வெளிச்சுவரும் தள்ளி இருக்கும். சுற்றிலும் துணியோ கம்பளியோ இருந்தால் சத்தத்தின் கூர் மழுங்கும். துணி அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து, பக்கவாட்டில் சாய்த்த ஓர் அட்டைப்பெட்டியை வைத்து, வாய்ப்பகுதியில் பாதி வரை துண்டு ஒன்றைத் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. நீங்கள் உடுத்திக் கழற்றிய, துவைக்காத துணி ஒன்றை உள்ளே விரியுங்கள். பூனை முன்பு படுத்த விரிப்பைத் துவைத்துச் சுத்தமாகப் போட்டால், அதற்குப் பழகிய வாசனையைத்தான் கழுவிவிட்டதாக ஆகும். சில பூனைகள் கீழே ஒளியாமல் உயரத்துக்குப் போகும். அவற்றுக்கு அலமாரியின் உச்சியில் இதே பெட்டி. இதையெல்லாம் வானம் தெளிவாக இருக்கும் நாளிலேயே வைத்து, பூனை தானாகப் போய்ப் படுக்கப் பழகியிருக்க வேண்டும். இடி முழங்கும்போது புதுப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனால் அதுவும் ஒரு பூதமாகத் தெரியும்.

எந்த அளவுக்குப் பயந்திருக்கிறது என்று அறிய, ஓரமாக உட்கார்ந்து ஒரு முறை பாருங்கள். கால்கள் நான்கும் உடலுக்கடியில் இறுகியிருக்கும், ஆனால் பாதம் தரையை அழுத்திக்கொண்டிருக்கும், எந்த நொடியும் கிளம்புவதற்கு. தலை தோளுக்குக் கீழே தாழ்ந்திருக்கும். காதுகள் பக்கவாட்டில் தட்டையாகியிருக்கும். மீசை கன்னத்தோடு ஒட்டியிருக்கும். கண்மணி விரிந்து விழி முழுவதும் கறுப்பாகத் தெரியும். வழுவழுப்பான தரையென்றால், அது நடந்த வழியில் ஈரமான பாதத் தடங்கள்கூடக் காணலாம். பூனைக்கு வியர்ப்பது உள்ளங்காலில்தான். தளரத் தொடங்கும்போது முதலில் மாறுவது காது: ஒன்று மட்டும் சத்தம் வரும் திசைக்குத் திரும்பும். பிறகு கண் இமைக்கும், முன்னங்கால் மார்புக்கடியில் மடியும், ஒரு கொட்டாவி வரும், தோள்பட்டையை இரண்டு முறை நக்கிக்கொள்ளும். அந்த நக்கலைப் பார்த்துவிட்டால் நீங்கள் எழுந்து உங்கள் வேலையைப் பார்க்கலாம்.

அருகில் இருக்க விரும்பினால் பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள், முறைக்காதீர்கள். பூனை உங்களைப் பார்க்கும்போது கண்களை மெதுவாக, பாதியளவு மூடித் திறங்கள். பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பூனைகள் பதிலுக்குக் கண்ணை மெதுவாக இமைத்தன. வெறும் முகத்தோடு இருந்த அந்நியரைவிட, இமைத்துக் காட்டிய அந்நியரின் கையை நோக்கி அதிகமாக வந்தன.

‘பயப்படும்போது கொஞ்சினால் பயத்துக்குப் பரிசு கொடுத்ததுபோல் ஆகிவிடும்’ என்று ஒரு பழைய அறிவுரை சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்பாதீர்கள். பயம் ஓர் உணர்வு, தடவிக்கொடுத்ததால் வளர்ந்துவிடாது. பூனையே தேடி வந்து மடியில் ஏறினால் தாராளமாகத் தடவுங்கள். வராத பூனையை இழுக்காதீர்கள். இரண்டிலும் முடிவு அதன் கையில் இருக்கட்டும்.

மழை விட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வெளியே வருவது சாதாரணம். ஒரு முழு நாள் கடந்தும் தண்ணீருக்குக்கூட வரவில்லையென்றால் முதல் பகுதிக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: முதல் இடி விழும் முன்பே பதறத் தொடங்குகிறது

பூனைக்குக் காது நம்மைவிடக் கூர்மை என்பது உண்மை. ஆனால் அந்தக் கூர்மை இருப்பது உச்ச சுருதியில். மனிதக் காது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பூனையின் காது சுமார் 48 முதல் 85,000 ஹெர்ட்ஸ் வரை. அதாவது இடியின் அடிவயிற்று உறுமலைப் பொறுத்தவரை நம் காதுதான் இன்னும் கீழ்ச் சுருதி வரை கேட்கும். பூனையை உலுக்குவது, பக்கத்தில் விழும் இடியின் படாரென்ற முறிவு, கண்ணாடி அதிரும் கிணுகிணுப்பு, தகரத்தில் மழை அறையும் சத்தம் போன்றவை. இவற்றுக்கு முன்னால் வழக்கமாக வருபவை எல்லாமே நாளடைவில் முன்னறிவிப்பாகிவிடும்: திடீரென இருட்டுவது, காற்று கதவை ஆட்டுவது, நீங்கள் அவசர அவசரமாக ஜன்னல் சாத்துவது. இதில் கடைசியை மட்டும் நம்மால் மாற்ற முடியும். மேகம் திரளும்போதே நிதானமாகச் சாத்துங்கள். வெயில் நாளிலும் இடையிடையே ஜன்னலைச் சாத்தி, பிடித்த தீனி ஒன்றைக் கொடுத்துவிட்டுத் திறங்கள். அந்தச் சத்தத்துக்கும் இடிக்கும் உள்ள முடிச்சு தளரும்.

புயல் எவ்வளவு தொலைவில் என்று கணக்கிட, மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட விநாடிகளை எண்ணி மூன்றால் வகுங்கள். விடை கிலோமீட்டரில். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் செய்ய வேண்டியவை: திரைச்சீலையை இழுத்துவிட்டு அறை விளக்கைப் போடுங்கள், வெளிச்சமான அறையில் மின்னல் அவ்வளவாக வெட்டாது. மின்விசிறி போன்ற சீரான இரைச்சல் ஒன்று ஓடட்டும். மணல் தட்டும் தண்ணீரும் பதுங்குமிடம் இருக்கும் அறைக்குள்ளேயே இருக்கட்டும். இடியை மறைக்க டிவியை அலறவிடுவது ஒரு பயத்தை இரண்டாக்கும் வேலை. பூனைக்கென்றே அமைத்த மெல்லிசைக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், மருத்துவப் பரிசோதனையின்போது அதைக் கேட்ட பூனைகள் பதற்றம் குறைந்து காணப்பட்டன. அது இடிக்கும் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், போட்டுப் பார்ப்பதில் கெடுதல் இல்லை.

அறிகுறி: ஒளியாமல் ஓடுகிறது, கதவையும் ஜன்னல் வலையையும் பிராண்டுகிறது

போக இடம் தெரியாத பூனை இப்படித்தான் செய்யும். வீட்டில் பதுங்குமிடம் இல்லை, அல்லது அதற்குப் போகும் வழியில் ஒரு மனிதரோ நாயோ நிற்கிறது. வழியை விட்டு விலகுங்கள். துரத்தாதீர்கள். வெளிக்கதவுகளைச் சாத்திவிட்டு, பதுங்குமிடம் உள்ள அறைக்கதவை மட்டும் அகலத் திறந்து வையுங்கள். இறுக்கிக் கட்டும் ‘அமைதிச் சட்டை’ மாட்டிவிடும் யோசனை வந்தால் ஒரு எச்சரிக்கை: சட்டை மாட்டிய பூனை அசையாமல் விழுந்து கிடந்தால் அமைதியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். உறைந்து போயிருக்கலாம். கண்மணியைப் பாருங்கள், உண்மை அங்கே தெரியும்.

நழுவி வெளியே போய்விட்டால்? தொலைந்த பூனைகளைப் பற்றி 2018-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கிடைத்த பூனைகளில் முக்கால்வாசி, தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்தன. வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவை இன்னும் அருகில்தான் இருக்கும். எனவே தெருத்தெருவாக அலையும் முன் உங்கள் சுற்றுச்சுவரின் உட்புறம், படிக்கட்டின் அடி, நிறுத்திய வண்டிகளின் கீழ், பக்கத்து வீட்டு விறகுக் குவியல் என்று குனிந்து தேடுங்கள். பயந்த பூனை கூப்பிட்டால் குரல் கொடுக்காது. ஊர் அடங்கிய பிறகு டார்ச்சைத் தரை மட்டத்தில் பிடித்து மெல்ல வீசினால் கண்ணின் பளபளப்பு காட்டிக்கொடுத்துவிடும். தோலுக்கடியில் பொருத்தும் 15 இலக்க மைக்ரோசிப் இருந்தால், வேறு யார் கையில் கிடைத்தாலும் உங்களிடம் வந்து சேர வழியுண்டு. வீடு மாறினாலோ எண் மாறினாலோ பதிவையும் மாற்றுங்கள். பழைய தொலைபேசி எண்ணோடு இருக்கும் சிப்பால் ஒரு பயனும் இல்லை.

அறிகுறி: உங்களைக் கடித்தது, அல்லது கூடவே வளர்ந்த பூனை மீது பாய்ந்தது

சத்தத்தை அடிக்க முடியாது. எனவே அந்த நேரத்தில் கண்ணில் பட்டவர் மீது அடி விழுகிறது. ஜன்னலுக்கு வெளியே ஓர் அந்நியப் பூனை தெரிந்தாலும் இதே கதை. நீங்கள் கையை நீட்டிச் சமாதானம் செய்யப் போனால் அந்தக் கைதான் அடுத்த இலக்கு.

பேசாமல் பின்வாங்கி, அறைக்கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துவிடுங்கள். இரண்டு பூனைகளுக்கு நடுவே சண்டை என்றால் ஒரு தலையணையையோ பெரிய அட்டையையோ இடையில் செருகிப் பிரித்துவிடுங்கள். கையை விடக் கூடாது. அந்தக் கொதிப்பு அடங்கச் சில நிமிடமும் ஆகலாம், ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். பூனை உண்டு, தன்னை நக்கிச் சுத்தம் செய்து, சாதாரணமாக நடமாடும்வரை கதவு சாத்தியே இருக்கட்டும். பலரும் அவசரப்பட்டு அன்றைக்கே ‘சமரசம்’ செய்துவைக்கப் பார்க்கிறார்கள். இரண்டாவது சண்டை நடந்துவிட்டால் அதன் பிறகு அவை ஒன்றையொன்று பார்த்தாலே பயம் என்றாகிவிடும், அதை அவிழ்க்க வாரங்கள் தேவைப்படும். திரும்பச் சேர்க்கும்போது முதலில் விரிப்புகளை மாற்றிப்போட்டு வாசனையைப் பரிமாறுங்கள், பிறகு மூடிய கதவின் இரு புறமும் சாப்பாடு, பிறகு கதவில் ஒரு விரற்கடை இடைவெளி.

கடி ஆழமாகப் பதிந்திருந்தால் ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். பூனைப் பல் ஊசிபோல் ஆழமாக இறங்கும், மேலே சின்னத் துளைதான் தெரியும், உள்ளே சீழ் வைக்கும். வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி தேவையா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும்.

அறிகுறி: மணல் தட்டுக்கு வெளியே சிறுநீர்

‘பழிவாங்குகிறது’ என்று சொல்வது நமக்கு எளிது. பூனைக்கு அந்தக் கணக்கு தெரியாது. மெத்தை மேலோ உங்கள் துணி மேலோ போவதற்கு முதன்மையான காரணம், போகும்போது எரிகிறது என்பதாகவே இருக்கலாம். பாக்டீரியாவும் கல்லும் இல்லாமலேயே பூனையின் சிறுநீர்ப்பை வீங்கிச் சிறுநீரில் ரத்தம் கசியும் ஒரு நோய் உண்டு. மன அழுத்தம் அதைத் தூண்டும். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் குழுவினர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 2006-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், இந்த நோயுள்ள 46 பூனைகளின் வீட்டுச் சூழலை மாற்றியமைக்கச் சொல்லிப் பத்து மாதம் கண்காணித்தார்கள். சிறுநீர்த் தொல்லையோடு பயமும் பதற்றமும்கூடக் குறைந்தன. 2011-இல் வெளியான இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. சாப்பாட்டு நேரம் தவறுவது, பழகிய பராமரிப்பாளர் மாறுவது போன்ற குலைவுகள் வந்த வாரங்களில், நோயே இல்லாத பூனைகளும் உண்ண மறுத்தன, தட்டுக்கு வெளியே போயின. இடி ஒரு நாள் வந்து போகும். தினசரி ஒழுங்கு குலைவது அதைவிட ஆழமாகப் பாயும்.

ஆகவே முதல் வேலை சிறுநீர்ப் பரிசோதனை. அடுத்தது தட்டு இருக்கும் இடம். சலவை இயந்திரம் உதறும் மூலையிலோ அதிரும் ஜன்னலுக்குக் கீழேயோ தட்டு இருந்தால், போய்க்கொண்டிருக்கும்போது ஒருமுறை அதிர்ச்சி பட்டதே போதும், அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காது. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகத் தட்டுகள் இருக்க வேண்டும், வெவ்வேறு அறைகளில். நறுமணம் கலந்த மணல் நம் மூக்குக்காகத் தயாரிக்கப்பட்டது, தவிர்த்துவிடுங்கள். அசுத்தமான இடத்தை என்சைம் கலந்த துப்புரவுத் திரவத்தால் கழுவுங்கள். அம்மோனியா கலந்த திரவம் சிறுநீர் வாடையையே நினைவூட்டும்.

செங்குத்தான பரப்பில், நின்றபடி, வால் நுனி நடுங்க, கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது வேறு விஷயம்: எல்லை குறிப்பது. வெளியே அந்நியப் பூனை நடமாட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்துவிட்டாலே பாதி தீரும்.

அறிகுறி: சாப்பிடவில்லை

ஒரு வேளை தவறினால் விட்டுவிடலாம். 24 மணி நேரம் எதுவுமே உண்ணவில்லை என்றால் மருத்துவரிடம் பேசுங்கள். அதுவும் பருத்த பூனை சில நாள் பட்டினி கிடந்தால் உடலின் கொழுப்பு கல்லீரலில் குவிந்து உயிருக்கே ஆபத்தாகும். அதுவரை, உணவை லேசாகச் சூடாக்கிப் பதுங்குமிடத்தின் வாசலில் வைத்துவிட்டு விலகுங்கள். வாயருகே கொண்டுபோய் ஊட்ட முயல வேண்டாம். அந்த உணவின் மீதே வெறுப்பு வந்துவிடும்.

அறிகுறி: வயிறும் உள்தொடையும் வழுக்கையாகின்றன

கவலையில் நக்கி நக்கி முடி போகிறது என்று உடனே தீர்ப்பெழுதிவிடாதீர்கள். ‘மனநோய்’ என்று அனுப்பிவைக்கப்பட்ட 21 பூனைகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இருந்தது தோல் ஒவ்வாமை போன்ற உடல் நோய்தான். முதலில் தெள்ளுப்பூச்சிக்கும் ஒவ்வாமைக்கும் பாருங்கள். அதற்கென்று நாய்க்கான மருந்தைத் தடவிவிட வேண்டாம். அவற்றில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனைக்கு நஞ்சு.

அறிகுறி: பயணக் கூண்டைக் கண்டாலே காணாமல் போகிறது

ஆண்டுக்கு ஒருமுறை பரணிலிருந்து இறங்குகிறது, இறங்கினால் ஊசிதான் என்றால் வேறு என்ன செய்யும்? கூண்டு ஆண்டு முழுவதும் அறையில் திறந்தே கிடக்க வேண்டும். மேல்மூடி கழற்றக்கூடியதாக இருந்தால் முதலில் கழற்றிவிட்டு, அடித்தட்டை வெறும் படுக்கையாக மாற்றுங்கள். அதில் தினமும் ஒரு தின்பண்டம். பூனை உள்ளே உருண்டு படுக்கத் தொடங்கிய பிறகு மூடியைப் பொருத்துங்கள், சில நாள் கழித்துக் கதவு, பிறகு கதவை ஒரு நொடி சாத்தித் திறப்பது, பிறகு தூக்கி இரண்டடி நடப்பது. எந்தக் கட்டத்தில் காது பின்னால் போகிறதோ அதற்கு முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள். வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு, இப்படிப் பழக்கிய பூனைகள் கார்ப் பயணத்தில் குறைவாகவே பதறின, மருத்துவப் பரிசோதனையும் விரைவாக முடிந்தது என்று காட்டியது.

தூக்கும்போது கைப்பிடியில் ஆட்டிக்கொண்டு போகாமல் அடியில் இரு கையையும் கொடுத்து மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் முன் இருக்கைக்குப் பின்னாலுள்ள தரை நல்ல இடம். மேலே ஒரு துண்டு போர்த்துங்கள். பிடரியைப் பிடித்துத் தூக்குவதை மட்டும் யார் செய்தாலும், அனுபவசாலியே செய்தாலும், தடுத்துவிடுங்கள். அசையாமல் தொங்குகிற பூனை அடங்கிவிட்டது என்று பொருளில்லை.

திரும்பி வந்த பூனையின் மேல் மருத்துவமனை வாடை இருக்கும். வீட்டிலிருக்கும் மற்றப் பூனை அதை அந்நியனாக நினைத்துச் சீறலாம். சில மணி நேரம் தனியறையில் வைத்தால் சரியாகிவிடும்.

அறிகுறி: வீட்டில் ஆள் கூடினாலோ துளையிடும் வேலை நடந்தாலோ நிலைகொள்ளாமல் தவிக்கிறது

இடியைவிட இது எளிது, ஏனெனில் நேரம் முன்கூட்டியே தெரியும். தொடங்க ஒரு மணி நேரம் முன்பே பதுங்குமிடமுள்ள அறையில் விட்டு, கதவில் ‘திறக்காதீர்’ என்று எழுதி ஒட்டுங்கள். குழந்தைகள் இருந்தால் உயரத்தில் தாழ்ப்பாள். ‘கொஞ்சம் காட்டுங்களேன்’ என்று கேட்பவருக்கு மறுப்புச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வயதான பூனை, சின்னச் சத்தத்துக்கே வெட்டித் துள்ளுகிறது

இதுவரை இடியைப் பொருட்படுத்தாத பூனை பத்து வயதுக்கு மேல் திடீரெனச் சத்தத்துக்கு அஞ்சினால் பழக்க வழக்கத்தில் காரணம் தேடாதீர்கள். மூட்டுவலி, தைராய்டு மிகைச் சுரப்பு, ரத்தக் கொதிப்பு, மூப்பினால் வரும் மூளைத் தளர்ச்சி எல்லாமே இப்படி வெளிப்படலாம். இன்னொன்றும் உண்டு, பலர் கேள்விப்படாதது. அலுமினியத் தாள் நொறுங்குவது, பீங்கான் கிண்ணத்தில் உலோகக் கரண்டி படுவது, சாவிக்கொத்து குலுங்குவது போன்ற கூரிய, உச்ச சுருதிச் சத்தம் கேட்டவுடன் பூனையின் உடம்பு வெட்டி இழுக்கும். பார்க்கத் திடுக்கிட்டதுபோல்தான் இருக்கும், ஆனால் அது வலிப்பு. மார்க் லவ்ரி என்ற நரம்பியல் கால்நடை மருத்துவரின் குழு 2015-இல் இத்தகைய 96 பூனைகளைப் பற்றி எழுதியது. சராசரியாக 15 வயதில் தொடங்கியிருந்தது. அவற்றில் சிலவற்றுக்குக் காது மந்தமாகவும் இருந்தது என்பதுதான் வியப்பு. உங்கள் பூனை துள்ளும்போது கைபேசியில் ஒரு காணொளி எடுத்துக்கொள்ளுங்கள், எந்தச் சத்தத்துக்கு என்பதும் பதிவாகட்டும். மருத்துவருக்கு வாய்மொழி விவரிப்பைவிட அது பத்து மடங்கு உதவும். இந்த வலிப்புக்கு லெவெடிராசெட்டம் என்ற மருந்து நன்றாக வேலை செய்கிறது.

அறிகுறி: எல்லாம் செய்தாயிற்று, அடுத்த இடிக்கும் அதே கதை

இடி ஓய்ந்த பருவத்தில் ஒலிப்பதிவை வைத்துப் பழக்கலாம். காது மட்டும் ஒருமுறை திரும்பும் அளவுக்கு மெல்லிய ஒலியில் தொடங்குங்கள். சத்தம் முதலில், தீனி அடுத்தது. வரிசை மாறினால் தீனியே அபாய அறிவிப்பாகிவிடும். சில நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். பூனை தீனியை விட்டு விலகினால் ஒலி அதிகம் என்று பொருள். உண்மையைச் சொன்னால், பதிவில் மின்னலும் இல்லை, தரை அதிர்வும் இல்லை, எனவே இந்தப் பயிற்சி பாதிக் கிணறுதான் தாண்டும். வெடிச் சத்தத்துக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

பூனையின் கன்னச் சுரப்பை ஒத்த செயற்கை ஃபெரோமோன் (விலங்குகள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும் வாசனைப் பொருள்), ஃபெலிவே போன்ற பெயர்களில் கிடைக்கிறது. மின்செருகியில் பொருத்தும் வகை சுமார் ஒரு மாதம் வரும். கூண்டில் தெளிக்கும் வகையை பூனையை ஏற்றுவதற்கு 15 நிமிடம் முன் தெளிக்க வேண்டும். ஆய்வு முடிவுகள் கலவையாகவே இருக்கின்றன. பதுங்குமிடத்துக்குத் துணையாக வாங்கலாம், அதற்கு மாற்றாக வாங்காதீர்கள். ‘இயற்கை’ என்று விற்கும் நறுமண எண்ணெய்கள் வேண்டவே வேண்டாம். அவற்றைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. தேயிலை மர எண்ணெய் குறிப்பாக ஆபத்து.

மருந்தென்றால் தயங்குபவர்கள் பலர். தேவையில்லாத தயக்கம் அது. ஒவ்வொரு புயலுக்கும் சாப்பாடு இழந்து, சிறுநீரில் ரத்தம் போகும் பூனைக்கு மருந்து கொடுக்காமலிருப்பதுதான் கொடுமை. கபாபென்டின் இப்போது பரவலாக எழுதித் தரப்படுகிறது, நிகழ்வுக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பு கொடுப்பது. அதன் உறவான பிரிகாபலினை, பூனைகளின் பயண அச்சத்துக்கும் மருத்துவமனை அச்சத்துக்கும் என்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் அனுமதித்தது. இரண்டுமே தூக்கத்தையும் நடைத் தள்ளாட்டத்தையும் தரும். சிறுநீரகம் பழுதான பூனைக்கு அளவு குறைக்க வேண்டும். பழைய பழக்கத்தில் யாராவது அசெப்ரோமசின் என்ற மயக்க மருந்தை மட்டும் தந்தால் கேள்வி கேளுங்கள். அது உடம்பைக் கட்டிப்போடும், பயத்தைத் தொடாது. உங்கள் மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். டயஸெபாம் மாத்திரை சில பூனைகளின் கல்லீரலைக் கருக்கியிருக்கிறது.

எந்த மருந்தானாலும் முதல் வேளையை வானம் தெளிந்த, நீங்கள் வீட்டில் இருக்கும் ஒரு நாளில் கொடுத்துப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் வேலை செய்கிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது, எவ்வளவு தள்ளாடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தள்ளாடும் பூனை அலமாரி உச்சிக்கு ஏறப் பார்க்கும், எனவே அன்றைக்குப் பதுங்குமிடத்தைத் தரைக்கு இறக்கி வைத்துவிடுங்கள். அந்தக் குறிப்பை மருத்துவரிடம் காட்டினால் அடுத்த புயலுக்கு முன் அளவைச் சரிசெய்து தருவார்.